புதிய ஊரும் பிள்ளையின் பள்ளிக்கூடமும்

ஒவ்வொரு வருஷமும் மே மாதக் கடைசியிலும் ஜூன் மாதத் தொடக்கத்திலும் கோயிலில் சில புதுமுகங்கள் தென்படுவதுண்டு. ஞாயிறு பூசையில் கடைசி வரிசையில் ஒரு தகப்பனும் தாயும் இரண்டு பிள்ளைகளும் நிற்பார்கள். உத்தியோக மாற்றலோ பிழைப்போ அவர்களைக் கொண்டுவந்திருக்கும். பூசை முடிந்ததும் அவர்கள் சுவாமியாரிடம் கேட்கும் முதற் கேள்வி அநேகமாய் ஒன்றுதான்: "சுவாமி, இந்த ஊரில் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் எது?"

கேள்வி சாதாரணமானதாய்த் தோன்றும். ஆனால் இதற்குள் ஒரு மனச்சாட்சிக் கேள்வி அடங்கியிருக்கிறது. "நல்ல" என்று எதைச் சொல்லுகிறோம்? யாருக்கு நல்லது? பிள்ளைக்கா, பெற்றோரின் கௌரவத்துக்கா? இதைச் சற்று நிதானமாய் ஆராய்வோம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தகப்பனுக்கு ரயில்வேயில் வேலை. தூத்துக்குடியிலிருந்து திருச்சி பொன்மலைக்கு மாற்றலாகி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பொன்மலைக்கு இது புதிதல்ல. 1928-ம் வருஷம் ரயில்வேயின் பெரிய பட்டறை நாகப்பட்டினத்தை விட்டு அங்கே மாறியது முதல், இடம் பெயர்ந்து வந்த குடும்பங்களால் வளர்ந்த இடம் அது. நம் குடும்பத்தில் மூத்தவள் மூன்றாம் வகுப்புக்குப் போக வேண்டியவள். இளையவன் முதல் வகுப்பு. எதிரே மூன்று வழிகள். வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில் பங்கைச் சேர்ந்த ஆர்.சி. தொடக்கப் பள்ளி, அரசு உதவி பெறுவது. அடுத்த தெருவில் மாநகராட்சிப் பள்ளி. பல மைல் தள்ளி, வேனில் போய்வர வேண்டிய பேர்பெற்ற மெட்ரிகுலேஷன் பள்ளி. மைத்துனர் ஒன்றைச் சொல்லுகிறார். ஆபீஸ் நண்பர் வேறொன்றைச் சொல்லுகிறார். பாட்டி மட்டும், "பிள்ளை நடந்து போய் நடந்து வரட்டும்" என்கிறாள்.

முதலாவது, திருச்சபை என்ன சொல்லுகிறதென்று அறிவோம். 1929-ம் வருஷம் டிசம்பர் 31-ம் தேதி பாப்பரசர் 11-ம் பத்திநாதர் கிறிஸ்தவக் கல்வியைப் பற்றி எழுதிய நிருபத்தில், பிள்ளைகளைக் கற்பிக்கும் உரிமை அரசாங்கத்துக்கு முன்பே பெற்றோருக்கு உண்டென்று நிலைநாட்டினார். 1965-ம் வருஷம் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கமும் பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் என்று போதித்தது. 1917-ம் வருஷத்துத் திருச்சபைச் சட்டம், கத்தோலிக்கப் பிள்ளைகள் பிற பள்ளிகளுக்குப் போவதைத் தடுத்து, எந்தச் சந்தர்ப்பத்தில் அனுமதிக்கலாம் என்பதை மேற்றிராணியாரின் தீர்ப்புக்கு விட்டிருந்தது. நம்மில் வயதானவர்களுக்கு அந்தக் கண்டிப்பு ஞாபகமிருக்கும். 1983-ம் வருஷத்துச் சட்டத்தின் தொனி வேறு. கத்தோலிக்கக் கல்வி கிடைக்கும் பள்ளியில் பிள்ளைகளைச் சேருங்கள். அது கூடாவிட்டால், பள்ளிக்கு வெளியே அந்தக் கல்வியைக் கொடுப்பது உங்கள் கடமை என்கிறது.

ஆகவே, தகுந்த காரணத்தோடு பிள்ளையை மாநகராட்சிப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் பாவம் கட்டிக்கொள்வதாக யாரும் சொல்ல வேண்டாம். அதேபோல, கன்னியர் மடத்துப் பள்ளியில் இடம் வாங்கிவிட்டால் விசுவாசக் கடமை தீர்ந்தது என்றும் யாரும் எண்ண வேண்டாம். எந்தப் பள்ளியானாலும் இராச் செபமும் ஞாயிறு ஞானோபதேசமும் வீட்டாரின் பொறுப்பே. 1542-ம் வருஷம் முத்துக்குளித்துறைக்கு வந்த அர்ச். சவேரியார், கையில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் செபங்களைத் தமிழில் சொல்லிக் கொடுத்தார். அவர்கள் அதை வீடுகளுக்குக் கொண்டுபோனார்கள். பள்ளிக்கட்டிடம் இல்லாமலே அந்தக் கரையில் விசுவாசம் வேரூன்றியது.

இரண்டாவது, பிள்ளை நம் மார்பில் குத்திக்கொள்ளும் பதக்கமல்ல. "என் மகள் இந்தப் பள்ளியில் படிக்கிறாள்" என்று சொல்லுகையில் நமக்கு உண்டாகும் பெருமையை நாமே சோதித்துப் பார்க்க வேண்டும். அர்ச். சூசையப்பர் குடும்பத்தோடு இடம் பெயர்ந்தவர். எஜிப்து தேசத்திலிருந்து திரும்பியபோது, யூதேயாவில் ஏரோதின் மகன் ஆளுகிறான் என்று கேள்விப்பட்டு அஞ்சி, கலிலேயாவிலுள்ள நாசரேத்தூருக்குப் போனார். நாசரேத்தூரிலிருந்து நன்மை ஏதும் வருமா என்று நத்தானியேலே பிற்பாடு இளக்காரமாய்க் கேட்குமளவுக்கு அது பேர் இல்லாத ஊர். ஆனால் பிள்ளைக்கு ஆபத்தில்லாத இடம் அதுவென்று தகப்பன் கண்டார். அது அவருக்குப் போதுமாயிருந்தது. சேசுநாதர் அங்கேதான் வளர்ந்தார்.

அப்படியானால் சிறு பிள்ளைக்கு வேண்டிய நன்மைகள் எவை? பத்திரமாய்ப் போய்வருவது, வாசிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் உண்மையாகவே கற்றுக்கொள்வது, அடியும் ஏளனமும் இல்லாமல் நடத்தப்படுவது, மற்றப் பிள்ளைகளோடு கூடி வாழப் பழகுவது, வீட்டில் தாய் தகப்பனோடு இருக்க நேரம் கிடைப்பது. இவற்றை விளம்பரப் பலகையில் காண முடியாது. நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும். ஒரு நாள் காலை மணியடிக்கும் நேரத்தில் வாசலில் நில்லுங்கள். ஆசிரியர்கள் நேரத்துக்கு வருகிறார்களா? குடிதண்ணீரும் கழிப்பிடமும் சுத்தமாயிருக்கின்றனவா? 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் ஏறக்குறைய முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டுமென்கிறது. அங்கே எத்தனை பேர்? மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு பக்கத்தைத் தட்டுத்தடுமாறாமல் வாசிக்கிறதா? முக்கியமாக, பின்தங்கிய பிள்ளையை ஆசிரியை என்ன செய்கிறார்? இந்தக் கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலே பள்ளியின் உள்ளத்தைக் காட்டும்.

தூரத்தையும் கணக்குப் பாருங்கள். அதே சட்டம் முதல் ஐந்து வகுப்புகளுக்கு வருஷத்தில் 200 வேலை நாள், 800 மணி நேரப் படிப்பு என்று விதித்திருக்கிறது. வேனில் போக ஒரு மணி, வர ஒரு மணி என்றால் வருஷத்துக்கு 400 மணி நேரம். அதாவது, சட்டம் விதித்த படிப்பு நேரத்தில் சரிபாதியைப் பிள்ளை தெருவிலே செலவழிக்கிறது. சாயங்காலம் களைத்து வந்து, செபம் சொல்லுமுன்னே தூங்கிவிடுகிறது. பாட்டியின் யோசனை பழங்காலத்து யோசனை என்று தள்ளிவிட வேண்டாம்.

பாடத்தைப் பற்றியும் தெளிவு வேண்டும். 2011-ம் வருஷம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பின் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிக்கும் மெட்ரிகுலேஷன் பள்ளிக்கும் பாடத்திட்டம் ஒன்றே. அதிகக் கட்டணம் கட்டுவதால் வேறு பாடம் கிடைக்கிறதென்று எண்ணுவது தவறு. போதனையில் வித்தியாசம் இருக்கலாம், அதை நேரில் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். ஆனால் போதனா மொழி மெய்யான பிரச்சினை. நாம் சொன்ன மூத்த மகள் இதுவரை ஆங்கிலத்தில் படித்தவளானால், ஊரும் தோழிகளும் மாறிய அதே வருஷத்தில் மொழியும் மாறுவது அவளுக்குப் பெரிய பாரம். அவளுக்கு ஆங்கிலப் பிரிவுள்ள பள்ளியைத் தேடுவது நியாயம். முதல் வகுப்புக்குப் போகும் தம்பிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வீட்டில் பேசும் தமிழிலேயே அவன் தொடங்கலாம். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு தீர்மானம் வருவதில் அநீதி ஒன்றுமில்லை.

மூன்றாவது, உண்மை பேசுதல். பள்ளியில் இடம் வாங்க நாம் செய்யும் காரியங்களே பிள்ளைக்கு முதற் பாடம். இல்லாத விலாசத்தைக் காட்டுவது, வயதை மாற்றிச் சொல்லுவது, நன்கொடை என்ற பேரில் ரசீதில்லாப் பணம் கொடுப்பது ஆகியவற்றைப் பிள்ளை கவனிக்கிறது. சேர்க்கைக்கு நன்கொடை வாங்குவதையும் சிறு பிள்ளைகளைப் பரீட்சித்துப் பொறுக்குவதையும் கல்வி உரிமைச் சட்டமே தடை செய்கிறது. பொய் சொல்லிச் சேர்த்த பள்ளியில் நன்னெறிப் பாடம் கேட்டு என்ன பயன்?

இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டும். கத்தோலிக்கப் பள்ளியில் இடம் பெறுவதற்காக மட்டும் சுவாமியாரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டு வருகிறவர்கள் உண்டு. கடிதம் கிடைத்தபின் அவர்களைக் கோயிலில் காண முடிவதில்லை. ஞானஸ்நானச் சான்று பள்ளிக்கு நுழைவுச் சீட்டல்ல. அது பிள்ளை சர்வேசுரனுடைய பிள்ளை என்பதற்கு அத்தாட்சி.

நான்காவதுதான் கடினமான கேள்வி. என் பிள்ளைக்கு நான் கடமைப்பட்டிருப்பதுபோல், அதே தெருவிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்கும் கடமைப்பட்டிருக்கிறேனா? வசதியுள்ள குடும்பங்கள் ஒவ்வொன்றாய் வேனைத் தேடிப் போனால் பங்குப் பள்ளி என்னாகும்? பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தே ஆசிரியர் பணியிடங்கள் அமைகின்றன. எண்ணிக்கை குறைய, ஆசிரியர் குறைவார். ஆசிரியர் குறைய, இன்னும் சிலர் விலகுவார்கள். கடைசியில் போக்கிடமில்லாத ஏழைப் பிள்ளைகள் மட்டும் மிஞ்சுவார்கள். அவர்களுக்காகக் கேள்வி கேட்க ஆளிராது.

"அதற்காக என் பிள்ளையைப் பலி கொடுக்கச் சொல்லுகிறீர்களா?" என்று ஒரு தாய் கேட்கலாம். இல்லை. அன்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சொந்தப் பிள்ளையைக் காப்பாற்றுவது முதற் கடமை. ஆசிரியர் வராத, அல்லது பிள்ளையை அடித்து நொறுக்குகிற, அல்லது ஆபத்தான பள்ளியில் யாரும் தம் பிள்ளையை விட்டுவைக்க வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைக்கு வேண்டியதைக் கொடுப்பது வேறு, பிறர் பிள்ளையைவிட மேலான இடத்தில் அதை நிறுத்துவது வேறு. முன்னது கடமை. பின்னதைக் கடமை என்று சொல்லி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளுகிறோம். "அங்கே எப்படிப்பட்ட பிள்ளைகள் படிக்கிறார்கள்?" என்று விசாரிக்கும்போது, ஒழுக்கத்தைக் கேட்கிறோமா, அல்லது சாதியையும் வறுமையையும் கேட்கிறோமா? ஒரே நற்கருணைப் பந்தியில் முழந்தாளிடுகிறவர்கள் ஒரே பெஞ்சியில் தம் பிள்ளைகள் உட்காருவதைக் கூச்சப்பட்டால், அந்தக் கூச்சத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும்.

பிற்காலச் சலுகைகளை எண்ணிப் பயப்படுவோரும் உண்டு. 2020-ம் வருஷத்துச் சட்டம் மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவீத இடங்களை அரசுப் பள்ளி மாணவருக்கு ஒதுக்கியது. அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு அது கிடையாது. இது நியாயமான யோசனைதான். ஆனால் அது 6-ம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. முதல் ஐந்து வருஷம் பங்குப் பள்ளியில் படிப்பதால் இழப்பு ஒன்றுமில்லை.

இங்கே நம் பள்ளிகளை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையோர் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாதென்று 2014-ம் வருஷம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆகவே ஏழைகளுக்கு நான்கில் ஒரு பங்கு இடம் கொடுக்க வேண்டும் என்ற விதியிலிருந்து நம் பள்ளிகளுக்கு விலக்குக் கிடைத்தது. ஆனால் வத்திக்கான் சங்கமோ, ஏழைகளையும் குடும்பத்தின் ஆதரவற்றோரையும் விசேஷமாய்க் கவனிக்கும்படி கத்தோலிக்கப் பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது. சட்டம் விட்டுவிட்டாலும் சுவிசேஷம் நம்மை விடவில்லை. பெற்றோர் பங்குப் பள்ளியை நாட வேண்டுமானால், பள்ளியும் நாடத் தக்கதாய் இருக்க வேண்டும்.

கடைசியாகச் சில நடைமுறை யோசனைகள். பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் தாமதமானால் கலங்க வேண்டாம்; அந்தத் தாமதத்தைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாதென்று கல்வி உரிமைச் சட்டம் சொல்லுகிறது. தீர்மானிக்குமுன் தகப்பனும் தாயும் சேர்ந்து போய்ப் பாருங்கள். பிள்ளையையும் கூட்டிப் போய் அதன் வார்த்தையைக் கேளுங்கள். தோழர்களை விட்டு வந்த துக்கம் பிள்ளைக்கு உண்டு. அதைப் பிடிவாதம் என்று அதட்ட வேண்டாம். கடன் வாங்கிக் கட்டணம் கட்டத் துணியுமுன், அந்தக் கடனால் வீட்டில் வரும் சண்டையும் பிள்ளைக்கு ஒரு கல்விதான் என்பதை நினையுங்கள். சேர்த்த முதல் மாதத்தில் ஒருமுறையாவது ஆசிரியையைக் கண்டு பேசுங்கள். தீர்மானம் தவறென்று தெரிந்தால் மாற்றிக்கொள்ள வெட்கப்பட வேண்டாம்.

பொன்மலைக்கு வந்த அந்தக் குடும்பம் என்ன செய்ய வேண்டும்? நாம் கட்டளையிட முடியாது. ஆனால் இராத்திரி செபம் முடிந்து பிள்ளைகள் தூங்கிய பிறகு, தகப்பனும் தாயும் ஒருவரையொருவர் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்: "நம் பிள்ளைக்கு வேண்டியது இங்கே பக்கத்தில் கிடைக்குமா? கிடைக்குமானால், நாம் ஏன் தூரத்தில் தேடுகிறோம்?" உண்மையான பதில் கிடைத்தால், எந்தப் பள்ளி வாசலில் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டாலும் அவர்களுக்கு மனச்சமாதானம் இருக்கும்.

திருக்குமாரனைக் கைப்பிடித்து அந்நிய தேசத்துக்கும் அங்கிருந்து நாசரேத்தூருக்கும் நடந்த அர்ச். சூசையப்பர், ஊர் மாறி வரும் நம் குடும்பங்களுக்கெல்லாம் துணை நிற்பாராக. அவர்களை முதல் ஞாயிறன்றே விசாரித்து, வழி காட்டி, நம் பிள்ளைகளோடு அவர்கள் பிள்ளைகளையும் பள்ளிக்குக் கூட்டிப்போவது ஏற்கெனவே இங்கிருக்கும் நம்முடைய வேலை.