மூச்சுக்குக் கணக்குக் கேளுங்கள்

வெட்கப்படுவதை முதலில் நிறுத்துங்கள் அண்ணா. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரிப் பட்டறைகளில் முப்பது வருடம் பிரேக் டிரம்மைக் கழற்றி, ஏர் அடித்துத் தூசி தட்டி, பழைய லைனிங்கைப் பெயர்த்துப் புதியதை உரசிப் பொருத்திய கை உங்களுடையது. அந்த லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருப்பதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. கூரைக்குச் சிமெண்ட் அட்டை அறுத்தவருக்கும் சொல்லவில்லை. இன்று நாலு படி ஏறினால் மூச்சு முட்டுகிறது. வறட்டு இருமல் விடமாட்டேன் என்கிறது. "வயசாயிடுச்சுங்க" என்று நீங்களே சமாதானம் சொல்லிக்கொள்கிறீர்கள். ஐம்பத்தைந்து ஒரு வயசா?

இந்த நார் நெஞ்சுக்குள் போய் இருபது, முப்பது, நாற்பது ஆண்டு கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும். அதற்குள் பட்டறை கைமாறிவிடும், முதலாளி போய்ச் சேர்ந்திருப்பார். டாக்டர் "பீடி உண்டா?" என்பார். நீங்களும் தலையைக் குனிந்து "உண்டுங்க" என்பீர்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பீடியை விடத்தான் வேண்டும். ஆஸ்பெஸ்டாஸோடு அது சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு ஏறும். ஆனால் நுரையீரலைத் தழும்பாக்கும் ஆஸ்பெஸ்டோஸிஸ் பீடியால் வருகிற நோய் அல்ல, அந்த நாரால் மட்டுமே வருவது. அதனால் நிமிர்ந்து உட்கார்ந்து, கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்: "இத்தனை வருஷம் பிரேக் வேலை பார்த்தேன், இந்தத் தூசியைத்தான் சுவாசித்தேன். இதை என் சீட்டில் எழுதுங்க." இந்த ஒரு வரி மருத்துவப் பதிவில் ஏறாமல் போனதால் உரிமையை இழந்த குடும்பங்கள் நம் பக்கத்தில் நிறைய இருக்கும்.

உரிமை என்றுதான் சொல்கிறேன், உதவி என்று சொல்லவில்லை. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்திலும், அதன் இடத்துக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும், ஆஸ்பெஸ்டோஸிஸ், பாறைத் தூசியால் வரும் சிலிக்கோஸிஸ் இரண்டும் தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளன. ஆகவே திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய்ப் பாறைத் தூசி குடித்தவருக்கும், கல்குவாரியில் துளை போட்டவருக்கும் இந்தப் பேச்சு பொருந்தும். "நான் பத்துப் பட்டறை மாறினேனே, யாரைக் கேட்பது?" என்று மலைக்காதீர்கள். பல முதலாளிகளிடம் வேலை பார்த்து இந்த நோய் வந்திருந்தால், அத்தனை பேரும் பங்கு போட்டுத் தரவேண்டும் என்பது அந்தப் பழைய சட்டத்திலேயே இருந்த விதி. இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் வழி இன்னும் சுலபம். முழு ஊனம் என்று மருத்துவக் குழு சொன்னால் கூலியில் 90 சதவீதம் மாதாமாதம் வரும். பகுதி ஊனத்துக்கு அதற்கேற்ற பங்கு.

1995 ஜனவரி 27 என்ற தேதியை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அன்று உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டது அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி ஆய்வு மையம். ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. நோய் உறுதியான தொழிலாளர்களுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் தரச் சொன்னது. ஷீட் ஆலையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவரா நீங்கள்? அந்தப் பதிவை எழுத்தில் கேளுங்கள்.

முதலாளிகள் பணம் தர மறுப்பது புதிதல்ல. இங்கிலாந்தின் ராச்டேல் ஆலையில் ஆஸ்பெஸ்டாஸ் நூல் நூற்ற நெல்லி கெர்ஷா 1924இல் 33 வயதில் செத்தார். நோயில் கிடந்தபோது ஆலை காசு தரவில்லை, அடக்கச் செலவுக்கும் தரவில்லை. ஆனால் அவர் நுரையீரலை டாக்டர் குக் ஆராய்ந்து மருத்துவ இதழில் எழுதினார். 1931இல் அந்நாட்டில் தூசிக் கட்டுப்பாட்டு விதிகளே வந்தன. இறந்துபோன ஒரு பெண்ணின் மருத்துவக் குறிப்பே இவ்வளவு செய்திருக்கிறது. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள், வாய் இருக்கிறது!

சட்டத்தில் ஓட்டை இல்லாமல் இல்லை. கணவனின் பட்டறைத் துணியைத் துவைத்துத் துவைத்தே அந்த நாரைச் சுவாசித்த மனைவிக்கும், சொந்தமாகச் சின்னப் பட்டறை போட்டவருக்கும் இழப்பீட்டுச் சட்டம் கைவிரிக்கிறது. எனக்கு ஆத்திரம் வருகிற இடம் இதுதான். ராஜஸ்தான் அரசு 2019இல் தூசி நுரையீரல் நோய்களுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது: நோய்ச் சான்று கிடைத்ததும் மூன்று லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம், அதோடு மாத ஓய்வூதியம். முதலாளி யார் என்று தேடிக் களைத்தவர்களுக்கு அரசே கொடுக்கிறது. பாலைவனத்துக் கல்லுடைப்பவன் கேட்டு வாங்கியதை, இந்தியா முழுக்க லாரி ஓட்டுகிற இந்த மண் கேட்கக் கூடாதா?

சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கோ போய் எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் சோதனையும் செய்துகொள்ளுங்கள். பழைய கூலிச் சீட்டு, பி.எஃப். எண், கூட வேலை பார்த்த இருவரின் சாட்சி, எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். இழப்பீட்டு மனுவுக்குக் காலக்கெடு உண்டு; தாமதமாகியிருந்தால் காரணத்தையும் எழுதுங்கள். தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஒன்று, திங்கட்கிழமை கலெக்டர் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒன்று. கெஞ்சி எழுத வேண்டாம்; எந்தப் பட்டறை, எந்த வருடம், என்ன வேலை என்று எழுதுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் வாசல்படி இறங்காதீர்கள்.