சகாயம் என்றொரு பெயர்

போன வாரம் விடியக்காலை, வடசேரி பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். கனகமூலம் சந்தைப் பக்கமிருந்து வாழைக்காய்ச் சாக்கை இழுத்துக்கொண்டு வந்த ஒரு பெரியவர், "ஏ மக்கா சகாயம், ஒரு கை பிடிடே" என்றார். டீக்கடையில் நின்ற மூன்று பேர் திரும்பினார்கள். மூன்று பேரும் சகாயம்! நம்ம ஊரில் இதெல்லாம் அதிசயமா என்ன?

இந்தப் பெயரின் வேரைத் தேடிப்போனால் எபிரேயத்தில் போய் நிற்கிறது. 'எல்' என்றால் கடவுள், 'அசர்' என்றால் உதவினார். மோசேயின் அண்ணன் ஆரோனின் மகனுக்கு எலெயாசார் என்று பெயர். 'இரண்டு' நம் வாயில் 'ரெண்டு' ஆவதுபோல முன்னெழுத்து தேய்ந்து, கிரேக்கமும் லத்தீனும் கடந்து, லாசர் ஆகி இங்கே கரையேறியது. அது சகாயமானது ஒரு மனிதரின் ஞானஸ்நானத்தில்.

நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்டவர்மா ஆட்சியில் அரண்மனைச் சேவகத்தில் இருந்தவர். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயிடம் யோபுவின் கதையைக் கேட்டு மனம் மாறினார். 1745 மே 14-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். வைத்த பெயர் லாசர். ஆனால் ஒலியை மட்டும் கொடுத்து அனுப்பவில்லை. பொருளையும் பெயர்த்துத் தேவசகாயம் என்றார்கள். எனக்குப் பிடித்தது இந்த வேலைதான். இல்லாவிட்டால் லாசர் கடைசிவரை விருந்தாளியாகவே திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. எபிரேயத்தில் அது வினை, இறந்தகாலம்: உதவினார், காரியம் முடிந்தது. சகாயம் பெயர்ச்சொல், அதற்குக் காலமே கிடையாது. தேவசகாயத்தை ஊர் ஊராக இழுத்துச் சென்று, சிறைவைத்து, 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பாறையடியில் நின்று 'உதவினார்' என்று சொல்லிப் பாருங்கள், தொண்டையில் சிக்கும். சகாயம் என்றால் நாக்கு புரள்கிறது.

உடலை வைத்தது வடசேரிக்குப் பக்கத்தில், கோட்டாறு சவேரியார் கோயிலில். 2022 மே 15-இல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோது, பெயரின் வாலாக இருந்த சாதிப் பட்டத்தை எடுத்துவிட்டார்கள். தேவசகாயம் மட்டும் மிச்சம்.

அந்தப் பெரியவரின் சாக்கா? அவர் கூப்பிட்ட சகாயம் டீயைக் குடித்து முடிப்பதற்குள், கூப்பிடாத இன்னொரு சகாயம் வந்து தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டார்.