தாத்தாவின் கையெழுத்து

தாத்தா செத்து 11 வருசம் கழித்து அவர் கையெழுத்தை நான் போட்டேன்.

பெரிய தப்பு செய்வதாக அப்போது தோன்றவில்லை. நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் நாலு முறை போட்டுப் பழகினேன். தாத்தா தமிழில் பெயரை எழுதி, கடைசி எழுத்தின் வாலை இழுத்துக் கீழே ஒரு கோடு போடுவார். அந்தக் கோடு மட்டும் வரவில்லை. உளி பிடித்த கை போட்ட கோடு அது. ஐந்தாவதைத் தாளிலேயே போட்டேன். 'மேற்கண்ட முகவரியில் கம்பெனியின் பதிவு அலுவலகம் இயங்க எனக்கு ஆட்சேபணை இல்லை.' செத்தவருக்கு என்ன ஆட்சேபணை இருக்கப் போகிறது?

தாத்தா மாமல்லபுரத்தில் கல் கொத்தியவர். எனக்கு உளி வரவில்லை. விற்க வரும் என்று நினைத்தேன். தெரிந்த சிற்பக்கூடங்களில் செய்யும் சின்னச் சிலைகளை வெளிமாநிலத்துக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்ப ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி. அதற்குக் குறைந்தது இரண்டு பங்குதாரர்களும் இரண்டு இயக்குநர்களும் வேண்டும். அப்பா அரசு வேலையில் இருப்பதால் பெயர் கொடுக்க முடியாது. "அம்மா இருக்காங்கல்ல தம்பி, போட்டுக்கலாம்" என்றார் செங்கல்பட்டு ஆடிட்டர். குழம்பில் உப்புப் போட்டுக்கலாம் என்பது மாதிரி.

அலுவலக முகவரிக்கு எங்கள் வீடு. வீட்டுக் கரண்ட் பில் இன்னும் தாத்தா பெயரில்தான் வருகிறது. நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான், செத்தவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் கரண்ட் பில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆடிட்டர் சொன்னார்: "பில்லு யார் பேர்ல இருக்கோ அவர் என்ஓசி குடுக்கணும். தாத்தா பேர்லயே ஒண்ணு போட்டுடு. எல்லாரும் செய்றதுதான். யாரு வந்து பாக்கப் போறா?"

2

இந்தியாவில் கம்பெனி ஆரம்பிப்பது இப்போது முழுக்க இணையத்தில்தான். 2020 பிப்ரவரியிலிருந்து ஸ்பைஸ் பிளஸ் என்ற படிவம். நாட்டின் எந்த மூலையிலிருந்து விண்ணப்பித்தாலும் ஹரியானாவில் மானேசரில் இருக்கும் மத்தியப் பதிவு மையத்துக்குப் போகும். குறை இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். திருத்திக் கொடுக்க 15 நாள். அப்போதும் குறை இருந்தால் இன்னொரு 15 நாள். அதோடு சரி. ஆடிட்டர்கள் பேச்சில் இதற்குப் பெயர் 'க்வெரி'. ஜுரம் வந்திருக்கு என்பது போல க்வெரி வந்திருக்கு என்பார்கள்.

முதல் க்வெரி கம்பெனிப் பெயருக்கு வந்தது. ஏற்கெனவே உள்ள ஒரு பெயரைப் போல இருக்கிறதாம். மாற்றினோம், முடிந்தது. அடுத்தது வீட்டுக்கு வந்தது. என்ஓசி கொடுத்தவரின் அடையாளச் சான்றையும் வீட்டு உரிமைக்கான ஆவணத்தையும் இணைக்கவும். ஒரே வரி.

"தாத்தா ஐடி ஏதாவது இருக்குமே?" என்றார் ஆடிட்டர்.

இருந்தது. பீரோவின் மேல்தட்டில் ஒரு மஞ்சள் பைக்குள் தாத்தாவின் வாக்காளர் அட்டை. அதை எடுக்கும்போது கூடவே ஒரு தாளும் வந்தது. தாத்தாவின் பாங்க் கணக்கை முடிக்கத் தாலுகா ஆபீஸில் வாங்கிய வாரிசு சான்றிதழ். அந்தத் தாள் அங்கே இருப்பது எனக்குத் தெரியும், படித்ததில்லை. மூன்று பெயர்கள். அப்பா, சித்தப்பா, அத்தை.

என்னை நிறுத்தியது மனசாட்சி என்று சொன்னால் அதுவும் ஒரு பொய்க் கையெழுத்துத்தான். நிறுத்தியது மூன்றாவது பெயர். கல்யாணமாகிச் செங்கல்பட்டு போனபின் அத்தை அந்த வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வந்து போகிறாள். வரும்போது பழம் வாங்கி வருவாள். தாத்தா தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு, உயில் எழுதவில்லை. 1956 வாரிசுரிமைச் சட்டப்படி அதில் மூன்றில் ஒரு பங்கு அத்தைக்கு. தாத்தா கையெழுத்தை நான் போட்டபோது செத்தவர் ஒருவரை உயிரோடு காட்டினேன். கூடவே உயிரோடு இருக்கிற ஒருத்தியை இல்லாமல் ஆக்கினேன்.

3

கொளவாய் ஏரிப் பக்கம் அத்தை வீடு. திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் போனேன். தாளை நீட்டியதும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

"இதுல நான் எதுக்குடா கையெழுத்து போடணும்?"

"வீட்ல உனக்கும் பங்கு இருக்கு அத்தை. நீ ஒத்துக்கிட்டாத்தான் அங்க ஆபீஸ் வைக்க முடியும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. டிவி ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தினாள்.

"யாரு கேக்கச் சொன்னா, உங்க அப்பாவா?"

"இல்ல. கவர்மெண்ட்ல கேட்டிருக்காங்க."

"அவங்களாவது கேட்டாங்களே" என்றாள். பிறகு, "போடறேன். ஆனா வீடு மூணு பேருதுன்னு அதுலயே எழுது. எழுதினா போடறேன்."

எழுதினேன். போட்டாள். ஒரு காப்பியும் கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்று ராத்திரி அப்பா என்னோடு சாப்பிட உட்காரவில்லை. "இத்தனை வருசம் இல்லாத பேச்ச நீ எதுக்குக் கெளப்புற?" என்பது மட்டும் அவர் கேட்ட க்வெரி. அதற்கு மறுசமர்ப்பணம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

4

அரசிடம் சொல்லும் பொய்யை நாம் பொய்யாகவே எண்ணுவதில்லை. நண்பனிடம் சொன்னால் உறுத்தும், படிவத்தில் எழுதினால் உறுத்தாது. படிவத்துக்கு முகம் கிடையாது. கம்பெனிப் படிவத்தோடு ஓர் உறுதிமொழி உண்டு: தந்த தகவலெல்லாம் சரியானவை, முழுமையானவை, உண்மையானவை. பொய்யென்றால் சட்டத்தின் 447ஆம் பிரிவு, சிறைவரை போகும். அதையும் படிக்காமல்தான் கையெழுத்துப் போடுகிறோம். பயமுறுத்தி உண்மையை வரவழைக்க முடியும் என்பது அரசின் நம்பிக்கை. யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்பது நம்முடைய நம்பிக்கை. இரண்டும் மாட்டிக்கொள்வதைப் பற்றித்தான் பேசுகின்றன.

1797இல் இம்மானுவேல் காண்ட் ஒரு சிறு கட்டுரை எழுதினார். கொலைகாரன் கதவைத் தட்டி 'உன் நண்பன் உள்ளே இருக்கிறானா' என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்றார். படிக்கிற எல்லோரும் அவரோடு சண்டைக்குப் போகும் இடம் அது. வள்ளுவர் நமக்கு இணக்கமானவர். வாய்மை அதிகாரத்தின் இரண்டாவது குறளில், குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கலாம் என்கிறார். ஆடிட்டர் அறையில் தினமும் புழங்குவது இந்த வாதம்தான். கம்பெனி வரும், நாலு பேருக்கு வேலை வரும், யாருக்கும் கெடுதல் இல்லை.

ஆனால் அந்தக் குறளில் கஷ்டமான சொல் நன்மை இல்லை, குற்றமற்ற என்பதுதான். குற்றம் இல்லை என்று யார் சொல்வது? பொய் சொல்கிறவனே அதைத் தணிக்கையும் செய்துகொள்கிறான். யாருக்கும் கெடுதல் இல்லை என்று நான் சொன்னபோது அந்த 'யாருக்கும்' என்ற சொல்லுக்குள் அத்தை இல்லை. விட்டுப்போனாள் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

இதற்கு ஒரு நல்ல எதிர்வாதம் உண்டு. கடற்கரைக் குப்பத்தில் இருக்கும் என் நண்பன் சொன்னது. மூன்று தலைமுறையாக அங்கே குடியிருக்கிறார்கள், பட்டா கிடையாது. "நான் இங்கதான் இருக்கேன்றது உண்மை. அதை எழுத ஃபார்ம்ல கட்டம் இல்லையே? பத்திரம் இருக்கிறவனுக்கு உண்மை சும்மா கெடைக்கும்டா, எங்களுக்கு அதுவும் காசு." அவன் தன் தொழிலைப் பதிவு செய்தபோது செங்கல்பட்டில் ஒரு நண்பர் வீட்டு முகவரியைக் கொடுத்தான். அவன் தொழில் நடப்பதெல்லாம் குப்பத்தில்தான்.

அவனுக்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் யோசித்தால் அவன் செய்ததும் நான் செய்ததும் ஒன்றில்லை. அவன் அந்த நண்பரிடம் நேரில் போய்க் கேட்டான், அவர் தெரிந்தே சம்மதித்தார். அவன் பதிலுக்கு அடியில் யாரும் நசுங்கவில்லை. அரசிடம் சொல்லும் பொய்யை எடைபோட எனக்கு இப்போது தெரிகிற வழி இதுதான். யாரிடம் சொல்கிறோம் என்பதைவிட, யார் பெயரை எடுத்துச் சொல்கிறோம், அவரிடம் கேட்டோமா என்று பார்ப்பது.

5

செங்கல்பட்டுக்கு கம்பெனியும் புதிதில்லை, கேள்வியும் புதிதில்லை. ஒரு காலத்தில் இங்கே கம்பெனிதான் அரசு. 1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி ஜாகீராகப் பெற்ற பகுதி இது. யார் நிலம், யாருக்கு எவ்வளவு பங்கு என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ், குறளை மொழிபெயர்த்த அதே எல்லீசன், மிராசு உரிமை பற்றி அரசு கேட்ட 17 கேள்விகளுக்கு எழுதிய பதில்கள் 1818இல் புத்தகமாக அச்சாயின. சங்கரய்யா எழுதிய விளக்கங்கள் அதில் பின்னிணைப்பாக உள்ளன. தொண்டைமண்டல நில உரிமை பற்றிப் படிக்கிறவர்கள் இன்றும் அந்தப் புத்தகத்துக்குப் போகிறார்கள்.

அதில் பொய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஏடும் கணக்கும் வைத்திருந்தவர்கள் பேசினார்கள். ஏர் ஓட்டியவர்களைப் பற்றியும் பேசப்பட்டது, அவர்கள் பேசவில்லை. 1891இல்தான் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் பஞ்சமி நிலங்களுக்கான அரசாணை வந்தது. பிறகு அந்த நிலங்களிலும் எவ்வளவோ கைமாறிப் போனது. கைமாறியபோதும் பத்திரம், முத்திரை, கையெழுத்து எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்திருக்கும்.

ஒரு வீட்டின் மூன்றிலொரு பங்கை இதோடு ஒப்பிடுவது அதிகம்தான். ஆனால் தாளில் ஆள் காணாமல் போகிற விதம் இரண்டிலும் ஒன்றுதான். கேள்விக்குப் பதில் இருக்கிறது, படிவத்தில் குறை இல்லை, ஒருவரை மட்டும் யாரும் கேட்கவில்லை.

6

படிவத்தில் குறை இல்லை என்றதும் எனக்கு ஞாபகம் வருவது எங்கள் ஊர்ப் பூனை. அர்ச்சுனன் தபசுப் பாறையில் கைகளைத் தூக்கி நின்று தவம் செய்கிறதே, அது. சுற்றிலும் எலிகள். பார்க்க வருகிறவர்களுக்குத் தாத்தா அதைத்தான் முதலில் காட்டுவார். "பாருங்க, முனிவர் நிக்கிற மாதிரியே நிக்குது, ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியாது" என்பார். எந்த க்வெரியும் அந்தப் பூனையைப் பிடிக்காது.

அத்தை கையெழுத்துக்குப் பிறகு எங்கள் படிவமும் அப்படித்தான் இருந்தது. பழைய என்ஓசியைக் கிழித்துவிட்டு, இறப்புச் சான்று, வாரிசு சான்று, மூவரின் சம்மதம் எல்லாம் வைத்து அனுப்பினோம். பதிவாகிவிட்டது. ஆனால் அம்மா இருந்தாள். அவளைப் பற்றி எந்த க்வெரியும் வரவில்லை. டிஜிட்டல் கையெழுத்துக்காக ஒரு வீடியோ எடுத்தோம், சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஓடிபி வந்தது, படித்துச் சொன்னாள். கையெழுத்து ஒரு சின்ன பென் டிரைவ் மாதிரி வந்தது. அதன்மேல் அம்மா பெயரை ஒட்டி ஆடிட்டர் தன் டிராயரில் போட்டுக்கொண்டார். அங்கே அதைப்போல நிறையக் கிடந்தன.

சட்டம் இதை ரொம்ப நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. லண்டனில் சாலமன் என்ற பூட்ஸ் வியாபாரி, கம்பெனிக்கு ஏழு பேர் வேண்டும் என்பதற்காக மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பங்கு கொடுத்து, மீதி 20,001 பங்கைத் தானே வைத்துக்கொண்டார். கம்பெனி நொடித்து வழக்கு வந்தபோது, 1896இல் பிரபுக்கள் சபை அது செல்லும் என்றது. எண்ணிக்கை சரியாக இருக்கிறது. அதற்கு மேல் சட்டம் கேட்கவில்லை. நம் சட்டமும் பெயர் கொடுத்தவருக்கு விவரம் தெரியுமா என்று கேட்பதில்லை, பின்னால் தண்டிப்பதோடு சரி. தொடர்ந்து மூன்று வருசம் கணக்கு தாக்கல் செய்யாத கம்பெனியின் இயக்குநர் ஐந்து வருசத்துக்குத் தகுதி இழப்பார். 2017இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளைப் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள். அந்தச் சமயத்தில் தகுதி இழந்த இயக்குநர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். படித்தபோது எனக்கு வீடியோவில் சிரித்த அம்மாவின் முகம்தான் தெரிந்தது.

டிராயரிலிருந்து அதைக் கேட்டு வாங்கி வந்தேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் கேட்டாள்: "கம்பெனி கடன்ல போனா என் நகை போயிடுமா?"

"கம்பெனி கடன் கம்பெனியோட போச்சும்மா. ஆனா லோன் வாங்கப் போனா பாங்க்ல உன்கிட்ட தனியா ஜாமீன் கையெழுத்து கேப்பாங்க."

"அதுக்கு நான் போட மாட்டேன்."

"சரி."

"இதையெல்லாம் மொதல்லயே சொல்லியிருக்கணும் நீ."

போன வாரம் ஆடிட்டர் ஒரு தாள் அனுப்பினார். கம்பெனி பதிவான 30 நாளுக்குள் இயக்குநர்களின் முதல் கூட்டம் நடக்க வேண்டும். நடந்த மாதிரியே மினிட்ஸ் எழுதி, கையெழுத்து போட இடம் விட்டிருந்தார். தமிழில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இயக்குநர்கள் கூடினர், விவாதித்தனர், ஏகமனதாகத் தீர்மானித்தனர்.

"இது எப்ப நடந்துச்சு?" என்றாள்.

நடக்கவில்லை என்றேன்.

"அப்ப நடத்து. இரு, குக்கர் மூணு விசில் வரட்டும்."