யாருடைய கதை?

அண்ணனைக் குடிநோய் சிகிச்சைக்குச் சேர்த்து ஒன்பதாவது நாள். அம்பத்தூர் ஓ.டி. டீக்கடையில் நண்பன் கேட்டான். "அண்ணன் எங்கடா, ஆளையே காணோம்?"

"கம்பெனி வேலையா கோயம்புத்தூர் போயிருக்கான்."

எஸ்டேட்டில் சிஎன்சி ஓட்டுகிறவனுக்கு நம்பும்படியான பொய்தான். ஆனால் பொய்க்குப் பராமரிப்பு வேண்டும். எந்தக் கம்பெனி, எப்போ வருவான், ஏன் போனை எடுக்கவில்லை? பழைய நிரலில் பேட்ச் போட்டுப் பிழைக்கிறவன் நான். ஒரு பேட்ச் அடுத்த பேட்ச்சைக் கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. "வாயைத் திறக்காதே. நாளைக்கு அவனுக்கு யார் பொண்ணு குடுப்பா?" என் சிக்கல் வேறு. இதே நண்பன்தான் போன கிரகப்பிரவேசத்தில் அண்ணனுக்கு ஊற்றிக் கொடுத்தவன். அவனுக்குத் தெரியாவிட்டால் அடுத்த முறையும் ஊற்றுவான்.

இந்த ஊரில் ஒருவர் முன்பே வாயைத் திறந்திருக்கிறார். டி.டி.கே. குடும்பத்து மருமகள் சாந்தி ரங்கநாதன். கணவர் டி.டி. ரங்கநாதன் குடிநோயால் இளம் வயதிலேயே இறந்தார். 1980-ல் அவர் பெயரிலேயே சாந்தி ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். குடிநோய்க்கு அது நடத்தும் மருத்துவமனை அடையாறு இந்திரா நகரில் இருக்கிறது. 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மத்திய நிதியமைச்சராக இருந்தவரின் குடும்பம் அது. மறைக்க நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம். எந்த நோய் கணவரைக் கொன்றதோ, அந்த நோய்க்கான சிகிச்சைக்கே அவர் பெயரை வைத்தார்.

இதைப் படித்ததும் எல்லோரிடமும் சொல்லிவிடலாம் என்ற வேகம் வந்தது. பிறகு உறைத்தது: என் அண்ணன் உயிரோடு இருக்கிறான். திரும்பி வந்து இதே டீக்கடையில் நிற்கப்போகிறவன் அவன்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், குடியோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய்க்குள் சேர்க்கிறது. நோயாளியின் விவரங்களை வெளியிடக் கூடாது என்று சிகிச்சை தருபவர்களைக் கட்டுப்படுத்துகிறது. டீக்கடையில் நிற்கும் தம்பியை அது கட்டுப்படுத்தாது. 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களின் வழக்கம் இன்னும் தெளிவானது: உன்னைப் பற்றி நீ சொல்லலாம், பக்கத்து நாற்காலிக்காரனைப் பற்றிச் சொல்லாதே.

ஆனால் எனக்கும் ஒரு கதை இருக்கிறதே. ராத்திரி ரெண்டு மணிக்கு அவனைத் தேடி பைக்கில் அலைந்தது நான். அவனுடைய லோனுக்கு ஈஎம்ஐ கட்டியது நான். அவன் கதையைத் தொடாமல் என் கதையைச் சொல்ல வழியில்லை. யோசித்தால் இன்னொன்றும் பிடிபட்டது. சொல்ல வேண்டும் என்ற என் ஆசையில் பாதி, "பாவம்டா நீ, எவ்ளோ தாங்கியிருக்க" என்று யாராவது சொல்ல வேண்டும் என்பதுதான். அவனுடைய மானத்தை விலையாகக் கொடுத்து நான் அனுதாபம் வாங்குவது அது. மீதிப் பாதி நிஜமான களைப்பு.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது அவனிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அவன்கிட்ட மட்டும் சொல்லிடு. கிளாஸை நீட்டுறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்கட்டும். மத்தவங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன்."

அவ்வளவுதான். அத்தனை நாளும் வீட்டில் நாங்கள் சண்டை போட்டது அவனைப் பற்றி. அவனை யாரும் கேட்கவில்லை. சாந்தி ரங்கநாதனால் கணவரிடம் கேட்டிருக்க முடியாது. எனக்குக் கேட்க ஆள் இருந்தான். குடிக்கிறவனுக்கு எதையும் முடிவு செய்யத் தெரியாது என்று நானே தீர்மானித்து, உயிரோடு இருப்பவனை இல்லாதவன் கணக்கில் வைத்திருந்தேன்.

நண்பனிடம் சொன்னேன். டீ ஆறும்வரை அமைதியாக இருந்தான். "நானும் ஊத்திக் குடுத்திருக்கேன்ல மச்சான்" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை.

அம்மா இன்னும் எல்லோரிடமும் கோயம்புத்தூர் என்றுதான் சொல்கிறாள். நான் திருத்துவதில்லை. அதையும் அவன் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.