வெயில் பதித்த முகம்

வெயில் முகத்தில் விட்டுச்சென்ற திட்டுகளையும் சுருக்கங்களையும் ஒளியைக் கொண்டே நீக்கும் மருத்துவம் இன்று பரவி வருகிறது. அதனை நாடுவது உடலைப் பேணும் கடமையா, அன்றி வீண்பெருமையா?

ஒளி மருத்துவம் பிணியாளர்க்கெனப் பிறந்ததாகும். முகத்தை அரித்துச் சிதைக்கும் தோல் காசநோயைச் செறிவூட்டிய ஒளிக்கதிர்களால் குணப்படுத்திய டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன் 1903-இல் நோபல் பரிசு பெற்றார். நெடுநாள் வெயிலால் தோன்றி, சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறக்கூடிய சொரசொரப்பான திட்டுகள்மீது இன்று மருந்து பூசி, ஒளி பாய்ச்சி, கெட்ட உயிரணுக்களை அழிக்கின்றனர். இதனை வீண்பெருமை என எவரும் கூறார். உடல்நலம் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த கொடை என்றே 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும் கற்பிக்கிறது.

அதே நூல், உடலையே வழிபடும் போக்கையும் கண்டிக்கிறது. நோயே இல்லாத முகத்தில் நிறத்தை மட்டும் மாற்ற முனையும்போதுதான் சிக்கல் எழுகிறது. அங்கு ஒளி, தோலிலுள்ள நிறமியைச் சூடாக்கிச் சிதைக்கிறது. கருநிறத் தோலிலோ நிறமி எங்கும் நிறைந்துள்ளது. ஒளியின் அளவு பிசகினால் தோல் வெந்து, முன்னிலும் கருத்த வடு தங்கிவிடலாம்.

எனினும், பிறர் பார்வையால் மனம் நொந்து மருத்துவரை நாடுபவரைப் பழிக்க நமக்கு உரிமையில்லை. அவரை வெட்கப்படச் செய்தவர் யார் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. இனிமைமிகு பாடலின் முதல் அதிகாரத்தில் வரும் பெண், தன் கருமையை உற்றுநோக்க வேண்டாமென வேண்டுகிறாள். சினமுற்ற சகோதரர் அவளைத் திராட்சைத் தோட்டக் காவலுக்கு அனுப்பியதால் வெயில் அவளைச் சுட்டது. வெட்கப்பட வேண்டியவர் அவளா, அவளை வெயிலில் நிறுத்தியவர்களா?

நம் உப்பளங்களிலும் வயல்களிலும் கடலிலும் உழைப்போரின் முகங்களும் அவ்வாறே கருத்தவை. அவர்கள் விளைவித்ததை உண்ணும் நாமே, பெண் பார்க்கச் செல்கையில் நிறத்தைக் குறையாகச் சொல்கிறோம். ஒளிச் சிகிச்சைக்குச் செலவிட அவர்களால் இயலாது. உச்சிவெயிலில் ஓய்வும், ஒதுங்க நிழலும், தலைக்கொரு தொப்பியும் வேலை தருவோரால் தரக்கூடியவையே. அவற்றைத் தருவது இரக்கமன்று, நீதி.

உயிர்த்த ஆண்டவர் தம் காயத் தழும்புகளை மறைக்கவில்லை, தோமாவிடம் காட்டினார். அன்பினால் ஏற்ற தழும்புகள் அவை. பிறர்க்காக உழைத்துக் கருத்த முகத்தையும் அத்தகைய மதிப்போடு காண நாம் பழகுவோமாக. நோயெனில் தயங்காது மருத்துவம் செய்வோம்; நிறமெனில், மாற வேண்டியது நம் பார்வையே.