வேலிக்குள் ஓநாய், கிண்ணத்தில் மான்

பிரிட்டனில் படிக்கும் நம் இயக்கத்துத் தம்பி ஒருவர், குளிர்கால விடுமுறையில் நண்பர்களோடு வட நார்வேக்குப் போய்வந்தார். ஒருநாள் சுற்றுலாவாக ‘போலார் பார்க்’ என்ற விலங்குப் பூங்காவுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். காலையில் வழிகாட்டியோடு நடந்து ஓநாய், துருவ மான் எல்லாம் பார்த்தாயிற்று. மதியம் வெட்டவெளியில் நெருப்பு மூட்டி, சுற்றி உட்காரவைத்து, ஆளுக்கொரு கிண்ணம் சுடச்சுடக் கொடுத்தார்கள். துருவ மான் கறி. என்ன கறி என்று தெரிந்தேதான் சாப்பிட்டார். நல்ல பசி, கடும் குளிர். ராத்திரி எனக்குக் குரல் செய்தி வந்தது. “அண்ணா, அரை மணி நேரத்துக்கு முன்னாடிதான் அதைப் போட்டோ எடுத்தேன். அப்புறம் அதையே சாப்பிட்டேன். இது பாவமா?”

ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் போட்டிருக்கலாம். யோசிக்க யோசிக்க கேள்வி பெரிதாகிக்கொண்டே போனது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். போலார் பார்க், துருவ வட்டத்துக்கும் வடக்கே, பார்டு என்ற ஊராட்சியில் இருக்கிறது. 1994இல் திறக்கப்பட்டது. உலகிலேயே வடகோடியில் உள்ள விலங்குப் பூங்கா என்று சொல்லிக்கொள்கிறார்கள். பெயரைப் பார்த்து பனிக்கரடி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே இருப்பவை வட நாட்டுக் காட்டு விலங்குகள்: ஓநாய், பழுப்புக் கரடி, லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை, வோல்வரின், மூஸ், கஸ்தூரி எருது, துருவ மான். நம்மூர் விலங்குக்காட்சி சாலையைவிட அடைப்புகள் பல மடங்கு பெரியவை. காட்டையே வளைத்து வேலி போட்டதுபோல் இருக்கும். விலங்கு மரத்துக்குப் பின்னால் போய்விட்டால் காத்திருக்கத்தான் வேண்டும். குளிர்காலத்தில் போனால் கரடியைப் பார்க்கவே முடியாது, அது குகைக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். இந்த விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. டிக்கெட் வாங்கிவிட்டோம் என்பதற்காகக் கரடியை எழுப்பிக் காட்டுவதில்லை.

ஓநாய்கள்தான் அங்கே பெயர்போனவை. சிலவற்றைக் குட்டியிலேயே மனிதர்கள் கையில் வளர்த்துப் பழக்கியிருக்கிறார்கள். அதனால் வழிகாட்டியோடு அடைப்புக்குள்ளேயே போகலாம். அது வந்து முகத்தை நக்கும். ஓநாய்க் கூட்டத்தில் வணக்கம் சொல்வது அப்படித்தானாம்.

அடுத்தது அந்தச் சாப்பாடு. ‘பிடோஸ்’ என்பார்கள். துருவ மான் கறி, உருளைக்கிழங்கு, கேரட், உப்பு, தண்ணீர். மசாலா எதுவும் கிடையாது. மெதுவாக, நெடுநேரம் கொதிக்கும். இது சாமி மக்களின் கல்யாணச் சாப்பாடு, விசேஷச் சாப்பாடு. (நம்ம சாமிக்கும் இந்தச் சாமிக்கும் சம்பந்தமில்லை. நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யா நான்கின் வடபகுதியிலும் வாழும் ஆதிகுடிகளின் பெயர் அது.) நார்வேயில் மான் மேய்ச்சல் பகுதி என்று சட்டம் வகுத்த பெரும்பகுதியில், துருவ மான் வளர்க்கும் உரிமை அவர்களுக்கு மட்டுமே உண்டு.

தம்பியின் நண்பர் ஒருவர் அவருக்குச் சமாதானம் சொன்னாராம்: “விருந்தாளியா போயிருக்கோம், குடுக்கறதை வேணாம்னு சொன்னா மரியாதையா இருக்காது.” இந்த வாதம் எனக்கு ஒத்துவரவில்லை. விருந்தோம்பல் பெரிய தர்மம்தான். ஆனால் இது காசு கொடுத்துப் பதிவு செய்த சுற்றுலா. விருந்தாளியாக யாரும் போகவில்லை, வாடிக்கையாளராகப் போயிருக்கிறார்கள். இந்த மாதிரிப் பயணங்களில் சைவம் என்று முன்கூட்டியே சொன்னால் வேறு ஏற்பாடு செய்துதருவது வழக்கம். ஆகவே “வேற வழியில்ல” என்ற பேச்சை ஒதுக்கிவைப்போம். சாப்பிட்டது அவருடைய விருப்பம். தைப்பூச விரதத்தில் இருந்திருந்தால் விரதம் முறிந்தது, அவ்வளவுதான். அவர் விரதத்தில் இல்லை.

விஷயம் இன்னொன்று இருக்கிறது. தம்பி வீட்டில் கோழி சாப்பிடுவார். மாமாக் கடையில் ராத்திரி பத்து மணிக்கு ‘ஆயாம் கோரெங்’ சாப்பிட்டபோது எனக்குக் குரல் செய்தி எதுவும் வந்ததில்லை. பண்ணைக் கோழி ஐந்து, ஆறு வாரம் கொட்டகைக்குள் கிடந்து, மண்ணை ஒருமுறைகூடக் கிளறாமல் முடிந்துபோகும் உயிர். துருவ மானோ மலையிலும் பனியிலும் தன் கால்போன போக்கில் திரிந்து, பனியைத் தோண்டி லைக்கன் தின்று வளர்கிறது. எது அதிகத் துன்பம் என்று கணக்குப் போட்டால் அந்தக் கிண்ணத்தைவிட நம் தட்டுதான் கனமாக இருக்கும். ஆனாலும் தம்பிக்கு உறுத்தியது மானுக்காகத்தான். காரணம், அதன் முகத்தைப் பார்த்துவிட்டார். கோழியின் முகத்தை அவர் பார்த்ததில்லை.

முகத்தைப் பார்த்தால் வரும் கருணையை மட்டமாகச் சொல்லவில்லை. கருணை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. ஆனால் கண்ணுக்கு எட்டிய தூரத்தோடு அது நின்றுவிட்டால் என்ன செய்வது?

இதைப் பற்றி நம் நூல்களில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. திருவள்ளுவர் புலால் மறுத்தல் என்று ஓர் அதிகாரமே வைத்தார், 26ஆவது. கொல்லாமைக்கு இன்னொன்று, 33ஆவது. இரண்டும் துறவறவியலில் வருகின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வள்ளுவர் பொறுப்பை வெட்டுகிறவனோடு நிறுத்துவதில்லை. விலை கொடுத்து வாங்குகிறவன் வரைக்கும் கொண்டுவந்து விடுகிறார். “நான் கொல்லல, கடையில வாங்கினேன்” என்ற சாக்கு அவரிடம் செல்லாது.

இன்னொரு குரல் மகாபாரதத்தில், வனபர்வத்தில் வரும் தர்மவியாதருடையது. மிதிலையில் இறைச்சிக் கடை வைத்திருந்தவர். தான் கொல்லுவதும் இல்லை, தின்னுவதும் இல்லை. பிறர் கொன்றதை விற்கிறார். தவம் செய்த பிராமணர் கௌசிகர் அவரிடம் வந்து தர்மம் கேட்கிறார். வியாதர் தன் தொழிலைப் பெருமையாகப் பேசவில்லை, அது கொடியது என்றே ஒப்புக்கொள்கிறார். அதோடு கௌசிகரையும் சும்மா விடவில்லை. ஏர் உழும்போது மண்ணுக்குள் எத்தனை உயிர் சாகிறது, நெல்லும் உயிர்தானே, நடந்தால் காலடியில் எத்தனை சாகிறது, யார்தான் துன்பம் தராமல் வாழ்கிறார் என்று கேட்கிறார்.

வாங்குகிறவனுக்கும் பங்கு உண்டு என்கிறார் வள்ளுவர். பங்கு இல்லாதவன் எவனும் இல்லை என்கிறார் வியாதர். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அந்தப் பூங்காவைத் திரும்பப் பார்த்தேன். அப்போதுதான் வேலிக்கு வெளியே என்ன இருக்கிறது என்று தேடத் தோன்றியது.

வேலிக்கு வெளியே ஓநாய் கிடையாது.

நார்வே 1845இல் சட்டம் போட்டு, ஓநாயைக் கொன்றால் பணம் என்று அறிவித்தது. 1960களில் ஓநாய் இனம் அங்கே அற்றுப்போன நிலை. 1970களின் தொடக்கத்தில் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கிழக்கிலிருந்து சில ஓநாய்கள் திரும்பி வந்தன. ஆனால் எங்கே வேண்டுமானாலும் வாழலாம் என்று விடவில்லை. தென்கிழக்கில் ஸ்வீடன் எல்லையை ஒட்டி, நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 5 விழுக்காட்டை ‘ஓநாய் மண்டலம்’ என்று கோடு கிழித்தார்கள். ஆண்டுக்கு 4 முதல் 6 ஓநாய்க் குடும்பங்கள் குட்டி போட்டால் போதும் என்று 2016இல் நாடாளுமன்றம் கணக்கும் வைத்தது. பார்டு அந்தக் கோட்டுக்கு வெகு வடக்கே இருக்கிறது. வழிதவறி ஓர் ஓநாய் அங்கே வந்தால், சுடுவதற்கு அனுமதி கிடைப்பது கஷ்டமில்லை. ஆக, முகத்தை நக்கி வணக்கம் சொல்லும் ஓநாய் வேலிக்குள் இருப்பதால் பிழைத்திருக்கிறது. அதன் சொந்தக்காரன் வேலிக்கு வெளியே நடந்தால் குற்றவாளி.

ஏன் இப்படி? தெற்கே ஆடு வளர்ப்பவர்கள் ஒரு காரணம். வடக்கே காரணம், அந்தக் கிண்ணத்தில் இருந்த மான். ஓநாயும் திறந்தவெளி மான் மந்தையும் ஒரே மலையில் நிம்மதியாக இருக்க முடியாது. ஓநாய் இல்லாத இன்றைக்கும் லின்க்ஸும் வோல்வரினும் அடிக்கிற மான்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்த இரண்டு விலங்கையும் தம்பி அதே பூங்காவில் போட்டோ எடுத்திருக்கிறார்.

இதைக் கேட்டதும் “அப்போ மான் வளர்ப்பை நிறுத்தச் சொல்லு, ஓநாய் வாழட்டும்” என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்க. சாமி மக்களிடம் ஏற்கெனவே பிடுங்கப்பட்டது கொஞ்சமில்லை. பள்ளிக்கூடத்தில் அவர்கள் தாய்மொழிக்கு இடமில்லாமல் செய்தார்கள். தமிழ்ப்பள்ளிக்காகக் குரல் கொடுக்கும் நமக்கு அது என்னவென்று புரியும். நார்வே மன்னர் 1997இல் மன்னிப்புக் கேட்டார். நிலமும் போனது. இந்தப் பார்டிலேயே 1790களில் தெற்கிலிருந்து விவசாயிகள் வந்து குடியேறினார்கள்; அதற்கு முன் அது மான் மேயும் பூமி. பிறகு அங்கே அல்தேவத்ன் ஏரியில் அணை கட்டியபோது மேய்ச்சல் நிலமும் மீன்பிடிப்பும் போயிற்று. அதற்கு இழப்பீடு தரவேண்டும் என்று 1968இல் நார்வே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021இலும் ஒரு தீர்ப்பு: ஃபோசன் என்ற இடத்தில் எழுப்பிய 151 காற்றாலைகள் மேய்ப்பர்களின் உரிமையை மீறியவை என்று. தீர்ப்பு வந்தும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருந்தன. 2023 பிப்ரவரியில் உங்கள் வயது சாமி இளைஞர்கள் ஓஸ்லோவில் அமைச்சகத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்த இளைஞர்களிடம் போய் “ஓநாய்மேல் கருணை வையுங்கள்” என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. அணைக்கும் சாலைக்கும் காற்றாலைக்கும் நிலத்தைக் கொடுத்துவிட்டு மிச்சமிருக்கும் மந்தையை ஓநாய்க்கும் கொடு என்றால், கருணைக்கான செலவு முழுவதையும் ஒரே வீட்டின் தலையில் கட்டுகிறோம். ஓநாய்க்கு நியாயம் வேண்டும்தான். அதன் விலையை நகரத்தில் இருப்பவனும் மின்சாரம் வாங்குபவனும் சுற்றுலா போகிறவனும் பகிர்ந்துகொள்ளாமல், மேய்ப்பன் மட்டும் கட்டுவதை அகிம்சை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நான் சைவம். அந்த நெருப்பைச் சுற்றி நானும் உட்கார்ந்திருந்தால் காய்கறி சூப்தான் கேட்டிருப்பேன், இனிமேல் போனாலும் அப்படித்தான். ஆனால் என் கை சுத்தம் என்று நினைக்க முடியாது. ஓநாய்க்கு இறைச்சிதான் உணவு. நான் வாங்கும் டிக்கெட்டில் அதன் சாப்பாட்டுக் காசும் இருக்கிறது. ஏதோ ஓர் உயிர் அதற்காக வெட்டப்பட்டிருக்கும். சூப் குடித்தவனும் அந்தக் கணக்கில் உண்டு.

அடைத்துவைப்பதே தவறு, டிக்கெட்டே வாங்கக்கூடாது என்று சிலர் சொல்வார்கள். சிங்கப்பூர் வாசகர்களுக்கு இனுகாவை நினைவிருக்கும். 1990 டிசம்பரில் சிங்கப்பூர் விலங்குக்காட்சி சாலையில் பிறந்த பனிக்கரடி, வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி. 27 வயதில், முதுமையின் வேதனை தாங்காத நிலையில், 2018 ஏப்ரலில் அதைக் கருணைக்கொலை செய்தார்கள். இனிமேல் பனிக்கரடியைக் கொண்டுவருவதில்லை என்று 2006இலேயே அந்த நிறுவனம் சொல்லிவிட்டது. அது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். போலார் பார்க்கின் நிலைமை வேறு. அந்த விலங்குகளுக்கு அந்தக் குளிரும் அந்தக் காடும் சொந்தம். ஆனாலும் கையில் வளர்த்த ஓநாயை ஒருநாளும் காட்டில் விட முடியாது. மனிதனைக் கண்டு பயப்படாத ஓநாய் வெளியே ஒரு மாதம் தாங்காது. தன் இனத்துக்காக நம்மிடம் தூது பேச வந்து, திரும்பிப் போக ஊரில்லாத விலங்கு அது. அந்தத் தூதை நாம் காதில் வாங்கவில்லை என்றால் அதை அடைத்துவைத்ததற்கு எந்த நியாயமும் இல்லை.

இதெல்லாம் தூர தேசத்துக் கதை என்று விட்டுவிடலாமா? நம் தாத்தா பாட்டிகள் காடு வெட்டி ரப்பர் நட்ட இடமெல்லாம் யானை நடந்த இடம். இன்று அங்கே செம்பனை. தோட்டத்துக்குள் வரும் யானையைப் பிடித்து வேறு காட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். பகாங் மாநிலத்துக் கோலா கண்டாவில் 1989இல் அமைத்த யானைப் பாதுகாப்பு நிலையத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா போய் கரும்பு ஊட்டிவிட்டு வருகிறார்கள். யானைமுகனுக்கு அறுகம்புல் சாத்திவிட்டு நாம் வடை சுடுகிற எண்ணெய் செம்பனை எண்ணெய். நிலையத்துக்குள் இருக்கும் யானைக்குக் கரும்பு, தோட்டத்துக்குள் வந்த யானைக்கு வெடிச்சத்தம். நார்வேக்காரர்களைப் பார்த்து விரல் நீட்டுவதற்கு முன் இதையும் ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

தம்பிக்கு நான் அனுப்பிய பதில் இவ்வளவு நீளம் இல்லை. “சாப்பிட்டதைப் பாவம்னு நான் சொல்ல மாட்டேன் தம்பி. உறுத்துச்சுன்னு சொன்னீங்க பாருங்க, அதைத் தொலைச்சிடாதீங்க. ஊருக்கு வந்ததும் கோழிக்கும் அது உறுத்துதான்னு பாருங்க. அங்க இன்னும் ரெண்டு நாள் இருக்கீங்கன்னா, யாராவது ஒரு வழிகாட்டிகிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. இந்த வேலிக்கு வெளியே எத்தனை ஓநாய் இருக்கு? வேலி போடறதுக்கு முன்னாடி இந்த இடத்துல யாரோட மான் மேய்ஞ்சுது?”