வாயில்லா உயிரின் காலுக்கு ஒரு துணை



இல்லறத்தார்க்கு விதிக்கப்பெற்ற அணுவிரதங்கள் ஐந்தனுள் முதலாவது கொல்லாமை. அவ்விரதத்திற்கு நேரும் மீறல்களை, அதாவது அதிசாரங்களை, உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் ஐந்தாக வகுத்துள்ளார். உயிர்களைக் கட்டி வைத்தல், அடித்தல், உறுப்புகளைச் சிதைத்தல், அளவு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. இவற்றைப் படிக்கும்போது நம் நினைவில் எழுவது வண்டி மாடும் ஏர் மாடுமே. இன்று நம் வீடுகளில் மாடு இல்லை, நாய் இருக்கிறது. ஆகவே அதனை முன்னிறுத்தியே இவ்வைந்தையும் சிந்திப்போம்.

வன்னியம்பட்டியைச் சுற்றி, இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட ஊர்களில், வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் நெடிய கால்களும் உடைய நாய்களைக் காணலாம். முற்காலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்கென வளர்க்கப்பெற்ற இனம் இது. 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய் இனங்கள் நான்கிற்குத் தபால்தலை வெளியிட்டபோது இராசபாளையம் நாயும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. ஊருக்குப் பெருமைதான். ஆயினும், அந்த நாயே வயது முதிர்ந்து, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு திண்ணையோரம் கிடக்கும்போது அதனை ஏறிட்டுப் பார்ப்பவர் சிலரே. ‘ஊசி போட்டுவிடுங்கள், அதற்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி’ என்னும் பேச்சு அப்போது எழும். கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்டோர் வீட்டிலும் இப்பேச்சு எழுவதாலேயே இதனை எழுத நேர்ந்தது.

நாய் எழ இயலாமைக்குக் காரணங்கள் பல. பின்னங்கால் முட்டியில், தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் நழுவாமல் பிடித்து நிறுத்தும் இணைப்பு நார் ஒன்று உண்டு. ஓட்டத்தில் திடீரெனத் திரும்பும்போதோ, நாட்பட்ட தேய்வினாலோ அது அறுந்துவிடுமாயின், கால் ஊன்றுந்தோறும் கீழ் எலும்பு முன்னோக்கி நழுவும். இடுப்புக் கிண்ணத்தில் தொடை எலும்பின் தலை செவ்வனே பொருந்தாமல் வளரும் நாய்களும் உண்டு. பெரிய உடலமைப்புடைய இனங்களில் இது மிகுதி. முன்னங்காலின் மணிக்கட்டு தளர்ந்து பாதம் தரையில் சாய்ந்துவிடுவதும் உண்டு.

இத்தகைய கால்களுக்கு வெளியிலிருந்து துணை நிற்கும் கவசங்கள் இக்காலத்தில் செய்யப்படுகின்றன. இளம்பிள்ளைவாதத்தால் கால் தளர்ந்த பிள்ளைகள் அணிந்த காலிப்பரை நம்மில் மூத்தோர் அறிவர், அதனையொத்ததே இது. நாயின் காலில் மாவுக்கட்டுப் போலச் சுற்றி அச்செடுத்து, அவ்வச்சின் வடிவிற்குப் பிளாஸ்டிக்கை வெப்பத்தால் வளைத்து ஓடு செய்து, உட்புறம் மெத்தென்ற நுரைத்தாள் பதித்து, ஒட்டுப்பட்டைகளால் பிணைப்பர். முட்டிக்கு உரியதாயின் கீலும் அமைப்பர். அறுந்த நாரை இது ஒட்டிவிடாது. இடுப்பு நோய்க்கும் இதன் பயன் குறைவே. ஆனால் மணிக்கட்டு தளர்ந்த நாய்க்கும், அறுவை சிகிச்சையைத் தாங்க மாட்டாத முதிய நாய்க்கும் நடை மீளப் பெரிதும் உதவக்கூடும். எதற்கு எது பொருந்தும் என்பதைக் கால்நடை மருத்துவரே சொல்லவேண்டும். திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குவதால், தென்மாவட்டத்தார் ஆலோசனைக்குச் சென்னை வரை செல்லவேண்டுவதில்லை.

இத்துறையில் நம் சமயத்தின் பெயரும் இணைந்திருப்பதைச் சொல்லாமல் விடலாகாது. ஜெய்ப்பூரில் கைவினைஞர் இராமச்சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் 1960-களில் உருவாக்கிய செயற்கைக் கால் உலகறிந்தது. பகவான் மகாவீரரின் 2500-ஆவது நிர்வாண ஆண்டு கொண்டாடப்பட்ட 1975-இல், டி. ஆர். மேத்தா அவர்கள் பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதியை நிறுவி, அக்காலையும் காலிப்பரையும் ஏழைகளுக்கு இலவசமாய் வழங்கச் செய்தார். அதே ஜெய்ப்பூரில் கால்நடை மருத்துவர் தபேஷ் மாத்தூர் 2014-இல் கால் இழந்த கிருஷ்ணா என்னும் கன்றுக்குச் செயற்கைக் கால் பொருத்தினார். பின்னர் வேறு பல விலங்குகளுக்கும் செய்து வருகிறார். அக்கன்றின் பெயராலேயே அது கிருஷ்ணா கால் எனப்படுகிறது. மனிதர்க்கென எழுந்த கருணை விலங்குக்கும் வழிந்தோடுவது இயல்பன்றோ!

இங்கே ஓர் ஐயம் எழும். ‘அந்த நாய் தன் அசாதா வேதனீய வினையைத் துய்க்கிறது, நாம் ஏன் குறுக்கிட வேண்டும்?’ என்று கேட்பார் உளர். வினைக்கோட்பாட்டை அயலாரின் துன்பத்திற்கு விளக்கமாகக் கொள்வோர், தம் செயலுக்கு அதனைக் கணக்காகக் கொள்ள மறந்துவிடுகின்றனர். எல்லா உயிர்களிடத்தும் இரங்குதல் சாதா வேதனீயம் ஊற்றெடுக்கும் வாயில்களுள் ஒன்று என அதே தத்துவார்த்த சூத்திரம் உரைக்கிறது. சீவக சிந்தாமணியில், அந்தணரால் அடியுண்டு உயிர் பிரியும் நிலையில் கிடந்த நாயைக் கண்ட சீவகன், ‘இது இதன் வினை’ என்று கடந்து செல்லவில்லை. அதன் செவியில் பஞ்ச நமஸ்காரத்தை ஓதினான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாய்ப் பிறந்து, பின்னாளில் சீவகனுக்கு இடர் நேர்ந்தபோது வந்து காத்தது. நாய் ஐம்பொறியும் மனமும் உடைய உயிர் என்பதற்கு நம் தமிழ்க் காப்பியத்தைவிட வேறு சான்று வேண்டுமோ? வேட்டைக்கும் விற்பனைக்கும் நாய் வளர்ப்பது சிராவகர்க்கு ஆகாது என்று பெரியோர் கூறியது மெய்யே. வாசலுக்கு வந்துவிட்ட முடம்பட்ட உயிரைத் துரத்துவதற்கு அதனைச் சான்றாகக் காட்டுதல் முறையன்று.

இனி, கட்டுதல் என்னும் அதிசாரத்திற்கு வருவோம். காலில் கவசத்தை இறுக்குவதும் கட்டுதலே அன்றோ? ஆம், கட்டுதலே. ஆசாரியர் இம்சைக்குக் கூறும் இலக்கணத்தில் பிரமாதம், அதாவது கவனமின்மை, முதலிடம் பெறுகிறது. கவசம் குற்றமாவதும் தயையாவதும் அதனைக் கொண்டே. புதிதாய்ப் பொருத்தியதை முதல் நாளிலேயே பகல் முழுதும் விட்டுவைத்தால் தோல் கன்றிப் புண்ணாகும். தொடக்கத்தில் அரைமணி நேரம் போட்டுக் கழற்றிப் பார்த்து, மருத்துவர் சொற்படி நாளுக்கு நாள் சிறிது சிறிதாய்க் கூட்டவேண்டும். பள்ளியில் ஆசிரியையாய் இருந்த காலத்தில், காலிப்பரின் தோல்வார் மழைநாளில் ஊறிப் பிள்ளைகளின் தொடையைத் தேய்த்து இரணமாக்கக் கண்டிருக்கிறேன். அப்பிள்ளைகளாவது வாய் திறந்து அழுதனர். நாய் தன் காலைக் கடித்துக்கொள்ளும். நாமோ அதனை அடக்கமற்றது என்று அதட்டுவோம். புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைக்குமாயின், அங்கே தோன்றி மடியும் சிற்றுயிர்களின் கணக்கும் நம்மதே. தோல்வாரினும் துணிப்பட்டை நமக்கு எவ்வகையிலும் ஏற்றது.

சங்கிலியையும் இங்கு எண்ணுக. காலுக்குக் கவசம் வாங்கித் தந்துவிட்டு, கழுத்தில் இரண்டு முழச் சங்கிலியால் நாள் முழுதும் பிணித்து வைத்தால் பயன் யாது? நாயைக் குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதை 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் குற்றம் என்கிறது.

பாரம் ஏற்றுதலும் முதுகின் மேல் ஏற்றுவது மட்டுமன்று. நெய்ச்சோறும் ரொட்டியும் பலகாரமும் வேளைதோறும் இட்டுக் கொழுக்க வைத்தால், அப்பாரம் முழுதும் நைந்த மூட்டின் மேலேயே இறங்கும். உடல் எடை குறைந்தாலே நொண்டுதல் தணியும் நாய்கள் பல என மருத்துவர் கூறுவர். அதற்காகப் பட்டினி போடுதலும் ஆகாது, அதுவும் ஐந்தனுள் ஒன்று. அளந்து இடுக, நீரை மட்டும் அளவாதீர்கள். நம் வீட்டு வலிமாத்திரைகளை அதற்குத் தருவதும் வேண்டா. பாராசிட்டமால் முதலியன நாய்க்கு நஞ்சாதல் உண்டு. வழுவழுப்பான தளத்தில் சாக்கு விரித்தால், கவசம் இல்லாமலே பாதி உதவி செய்ததாகும்.

இரவில் கவசத்தைக் கழற்றிவிடல் வேண்டும். சூரியன் மறையுமுன் உண்டு முடிக்கும் நம் குடும்பங்களுக்கு இது எளிது. மாலை உணவு முடிந்து பாத்திரம் கழுவும் வேளையிலேயே பட்டைகளை அவிழ்த்து, வெளிச்சம் இருக்கும்போதே விரலிடுக்கும் முட்டியின் உட்புறமும் சிவந்திருக்கின்றனவா என்று பார்த்து, ஈரம் போகத் துடைத்துவிடலாம். சிவப்பு அரைமணிக்குள் மறையவில்லையெனில் மறுநாள் கவசம் போடாமல் மருத்துவரிடம் காட்டுக. வீட்டுப் பிள்ளைகளுள் ஒருவரிடம் இப்பொறுப்பை ஒப்படைப்பது நலம்; அவர்கள் கண் கூர்மையானது.